கியூபெக் வானில் பிரெஞ்சு

வான்வழி வரலாறு – அத்தியாயம் 17

1976 ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை. கனடாவின் விமான நிலையங்களுக்குப் பெட்டிகளோடு வந்த பயணிகளை ஏற்றிச்செல்ல விமானங்கள் இல்லை. விமானிகள் வேலைக்கு வர மறுத்துவிட்டார்கள். அவர்கள் சம்பள உயர்வு கேட்கவில்லை, பணி நேரத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. கியூபெக் மாகாணத்தின் வானத்தில் விமானியும் தரையில் இருக்கும் கட்டுப்பாட்டாளரும் ரேடியோவில் பிரெஞ்சு பேசிக்கொள்ள அரசு அனுமதி தரக்கூடாது என்பதுதான் அவர்கள் கோரிக்கை.

மொன்றியால் ஒலிம்பிக் போட்டிகள் தொடங்க நான்கு வாரம்கூட இல்லை. உலகமே அந்த நகரத்துக்குப் பறந்து வரவேண்டிய நேரம் அது. வெளிநாட்டு விமானிகள் பலரும் வேலை நிறுத்தத்துக்கு ஆதரவாகக் கனடாவுக்குப் பறக்க மறுத்தார்கள். ஒரு நாட்டின் வான்வழி முழுவதும் மொழிக்காக நின்றுபோனது.

இந்தச் சண்டையில் இரண்டு தரப்புமே ‘பாதுகாப்பு’ என்று சொல்லித்தான் போராடின. அதனாலேயே வான்வழி வரலாற்றில் இதற்கு நிலையான இடம் உண்டு.

விதி என்ன சொன்னது?

1944 டிசம்பர் 7 அன்று சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையிலிருந்து சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு பிறந்த கதையை முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். அந்த அமைப்பின் தலைமையகம் மொன்றியால் நகரில்தான் இருக்கிறது. ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று விமானிகள் இன்றும் எழுத்துகளைச் சொல்லும் முறை 1956 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதை உருவாக்குவதில் முக்கியப் பங்காற்றிய ழான் பால் வினே மொன்றியால் பல்கலைக்கழகத்தின் மொழியியல் பேராசிரியர்.

ரேடியோ உரையாடலின் மொழி பற்றி இந்த அமைப்பு வகுத்த நெறி எளிமையானது. தரைநிலையம் வழக்கமாகப் பயன்படுத்தும் மொழியில் பேசலாம். அந்த மொழி தெரியாத விமானி கேட்டால், சர்வதேசப் போக்குவரத்து உள்ள இடங்களில் ஆங்கிலத்தில் பேச ஆள் இருக்க வேண்டும். உலகம் முழுவதற்கும் இதைவிடப் பொருத்தமான ஒரு பேச்சுமுறை உருவாகும்வரை ஆங்கிலம் அந்த இடத்தில் இருக்கட்டும் என்பதுதான் அன்றைய வாசகத்தின் சாரம்.

ஆகவே பாரிஸில் பிரெஞ்சும் ஆங்கிலமும் ஒலித்தன. மாட்ரிட்டில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் ஒலித்தன. கனடாவிலோ ஒரு கரையிலிருந்து மறு கரைவரை ஆங்கிலம் ஒன்றே ரேடியோ மொழியாக இருந்தது. கியூபெக் மக்களில் ஐந்தில் நான்கு பேர் பிரெஞ்சு பேசுகிறவர்கள். அங்கே பிரெஞ்சு விமானி ஒருவர் பிரெஞ்சுக் கட்டுப்பாட்டாளரோடு பேசும்போதும் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும்.

சிறு விமானங்களில் தொடங்கியது

கனடா 1969-ல் ஆட்சிமொழிகள் சட்டம் கொண்டுவந்தது. மத்திய அரசின் சேவையை ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டில் எந்த மொழியிலும் பெறும் உரிமையை அது மக்களுக்குக் கொடுத்தது. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடும் மத்திய அரசின் சேவைதான். அப்படியானால் அந்த உரிமை வானத்தில் ஏன் செல்லாது என்ற கேள்வி எழுந்தது.

கேள்வியை முதலில் எழுப்பியவை பெரிய ஜெட் விமானங்கள் அல்ல. கியூபெக்கின் ஆறுகள், காடுகள், சிற்றூர்களுக்கு மேலே பறந்த சிறு விமானங்கள். அவற்றை ஓட்டியவர்கள் கருவிகளை நம்பாமல் கண்ணால் வழி பார்த்துப் பறப்பவர்கள். பலருக்கு ஆங்கிலம் அரைகுறைதான். காற்று திசை மாறுகிறது, ஓடுதளத்தில் இன்னொரு விமானம் நிற்கிறது, மீண்டும் ஒரு சுற்று சுற்றி வா என்று டவர் சொல்வது முழுதாகப் புரியாவிட்டால் விளைவு என்ன என்பதை விளக்கத் தேவையில்லை. 1974-ல் போக்குவரத்து அமைச்சகம் கியூபெக்கின் சில சிறிய விமான நிலையங்களில், கண்ணால் பார்த்துப் பறப்பவர்களுக்கு மட்டும், பிரெஞ்சை அனுமதித்தது.

அடுத்த படி மொன்றியால். டொர்வால், 1975-ல் திறக்கப்பட்ட மிராபெல் என இரண்டு பெரிய நிலையங்கள் அங்கே இருந்தன. அங்கே ரேடாரில் கண் பதித்த கட்டுப்பாட்டாளர் சொல்லும் உயரத்தையும் திசையையும் நம்பித்தான் மேகத்துக்குள் விமானங்கள் நகரும். அங்கும் பிரெஞ்சு வேண்டும் என்று கேட்ட கட்டுப்பாட்டாளர்களும் விமானிகளும் 1975-ல் ஒரு சங்கம் அமைத்தார்கள். ‘கியூபெக்கின் வான்மக்கள்’ என்ற பொருள் தரும் பெயர் அதற்கு. ரோஜே டெமேர் அதன் தலைவரானார்.

எதிர்ப்பக்கத்தில் கனடா விமானிகள் சங்கமும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் சங்கமும் நின்றன. இரண்டிலும் ஆங்கிலம் பேசுகிறவர்களே பெரும்பான்மை.

கேட்டுக்கொண்டே பறப்பது

எதிர்த்தவர்களின் வாதத்தை வெறும் மொழி வெறுப்பு என்று ஒதுக்கினால் வரலாற்றைத் தவறாகப் படிப்போம். வெறுப்பும் இருந்தது. கியூபெக்கிலும் ஒட்டாவாவிலும் ஆங்கிலம் மட்டும் தெரிந்த கட்டுப்பாட்டாளருக்கு இனி வேலை கிடைக்குமா என்ற அச்சமும் இருந்தது. ஆனால் அடியில் ஒரு தொழில்நுட்பக் காரணமும் இருந்தது. அது கனமானது.

ஒரே வான்பகுதியில் பறக்கும் எல்லா விமானங்களும் ஒரே அலைவரிசையில்தான் பேசுகின்றன. தனக்கு வரும் கட்டளையை மட்டுமல்ல, மற்ற எல்லோருக்கும் வரும் கட்டளைகளையும் ஒவ்வொரு விமானியும் கேட்கிறார். யார் இறங்குகிறார், யார் ஏறுகிறார், யாரை எந்த உயரத்துக்கு அனுப்புகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு, கண்ணுக்குத் தெரியாத போக்குவரத்தை மனத்தில் வரைந்துகொள்கிறார். வளைவில் திரும்பும் முன்பே எதிரே வரும் பேருந்தின் ஹாரனைக் கேட்டு ஒதுங்கும் மலைப்பாதை ஓட்டுநரைப் போல, அந்தக் காதுக் கவனம் சிலசமயம் உயிர் காக்கும். கட்டுப்பாட்டாளர் ஒரே உயரத்தை இருவருக்குக் கொடுத்துவிட்டால், கேட்டுக்கொண்டிருக்கும் மூன்றாவது விமானி ‘அங்கே ஏற்கெனவே ஒருவர் இருக்கிறாரே’ என்று சொல்ல முடியும். உரையாடலில் பாதி தனக்குத் தெரியாத மொழியில் நடந்தால் அவர் மனத்திலுள்ள படத்தில் பாதி அழிந்துவிடும். இதுதான் ஆங்கிலத் தரப்பின் வாதம்.

பிரெஞ்சுத் தரப்பின் வாதமும் காக்பிட்டுக்குள்ளிருந்தே எழுந்தது. மேகத்துக்குள் விமானங்களுக்கு இடையே இடைவெளி காப்பது கட்டுப்பாட்டாளரின் பொறுப்பு. மற்றவர் பேச்சைக் கேட்பது கூடுதல் துணை. அது முறையாக வகுத்த தடுப்பு அல்ல. ரேடியோ இரைச்சலில் சொற்கள் விழுந்துபோகும். பயந்த விமானி தடுமாறுவார். இயந்திரம் கோளாறாகும் நொடியில் இரண்டாம் மொழியில் சொல் தேட வேண்டியிருந்தால் அந்தத் தேடலே ஆபத்து. பிரெஞ்சு மட்டும் நன்றாகத் தெரிந்த விமானியோடு ஆங்கிலத்தில் பேசுவது, அவர் கட்டளையைப் புரிந்துகொண்டாரா இல்லையா என்ற சந்தேகத்தை வானத்தில் மிதக்கவிடுவதாகும்.

அவர்கள் இன்னொன்றும் கேட்டார்கள். கனடாவின் சொந்த விமானங்கள் பாரிஸுக்குப் பறக்கின்றன. அங்கே பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து ஒலிக்கும் அலைவரிசையில் அதே விமானிகள் தரையிறங்குகிறார்கள். பாரிஸில் முடிவது மொன்றியாலில் ஏன் முடியாது?

ஒன்பது நாள்கள்

போக்குவரத்து அமைச்சர் ஓட்டோ லாங், மொன்றியாலில் இருமொழி முறையைப் படிப்படியாகக் கொண்டுவரும் திட்டத்தை வைத்திருந்தார். அதை ஆராய விசாரணை ஆணையமும் அமைக்கப்பட்டது. முடிவு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது, விசாரணை பெயரளவுக்குத்தான் என்று ஆங்கில விமானிகள் நினைத்தார்கள். வேலை நிறுத்தம் அப்படித்தான் வெடித்தது.

பிரதமர் பியேர் ட்ரூடோ தொலைக்காட்சியில் நாட்டு மக்களிடம் பேசினார். இரண்டாம் உலகப் போரின்போது கட்டாய ராணுவச் சேவை ஆங்கிலக் கனடாவையும் பிரெஞ்சுக் கனடாவையும் பிளந்தது. அதற்குப் பிறகு நாட்டின் ஒற்றுமைக்கு இவ்வளவு பெரிய சோதனை வந்ததில்லை என்று அன்று பேசினார்கள். கியூபெக்கில் ‘காற்றில் பிரெஞ்சு இருக்கிறது’ என்ற முழக்கம் பரவியது. அதுவரை விமானத்தில் ஏறியே இராத குடும்பங்கள்கூட வான்மக்களின் பக்கம் திரண்டன. சொந்த மண்ணுக்கு மேலே இருக்கும் வானத்தில் தம் மொழி ஆபத்தானது என்று சொல்லப்படுவதை அவர்களால் தாங்க முடியவில்லை.

ஜூன் 28 அன்று லாங், பிரெஞ்சை எதிர்த்த இரண்டு சங்கங்களோடும் உடன்பாட்டுக்கு வந்தார். ஆணையத்தில் மூன்று நீதிபதிகள் இருப்பார்கள். இருமொழி முறை பாதுகாப்பைக் குறைக்காது என்று மூவரும் ஒருமனதாகச் சொல்ல வேண்டும். நிரூபிக்கும் சுமை முழுவதும் பிரெஞ்சின் தோளில் விழுந்தது. ஆங்கிலம் மட்டும் இருப்பது பாதுகாப்பானதா என்று யாரும் அதே கண்டிப்போடு கேட்கவில்லை.

அமைச்சரவையில் இருந்த ழான் மார்ஷானுக்கு இது பொறுக்கவில்லை. அவர் 1965-ல் ட்ரூடோவோடும் ஜெரார் பெல்லத்தியேயோடும் சேர்ந்து ஒட்டாவா அரசியலுக்குள் வந்தவர். பிரெஞ்சு மக்களுக்குக் கனடாவுக்குள்ளேயே சம இடம் உண்டு என்று நம்பி வந்த மூவரில் ஒருவர். போக்குவரத்து அமைச்சராகவும் இருந்தவர். உடன்பாடு வெளியான சில நாள்களில் அவர் பதவி விலகினார்.

அதே ஆண்டு நவம்பர் 15-ல் கியூபெக் மாகாணத் தேர்தலில் ரெனே லெவெக் தலைமையிலான பார்ட்டி கெபெக்குவா வென்றது. கனடாவிலிருந்து கியூபெக் தன் வழியில் போகவேண்டும் என்ற கட்சி ஆட்சிக்கு வந்தது அதுவே முதல்முறை. அந்த வெற்றிக்குப் பல காரணங்கள் உண்டு. ஜூன் மாதத்து ஒன்பது நாள்கள் விட்டுச்சென்ற கசப்பும் அவற்றில் ஒன்று.

ஸாக்ரெப்

ஆணையம் தன் வேலையில் இறங்கியிருந்த காலத்தில், 1976 செப்டம்பர் 10 அன்று, யூகோஸ்லாவியாவின் ஸாக்ரெப் நகருக்கு அருகே வானத்தில் இரண்டு விமானங்கள் மோதின. ஒன்று லண்டனிலிருந்து இஸ்தான்புல் சென்ற பிரிட்டிஷ் ஏர்வேஸின் டிரைடன்ட். மற்றது ஸ்பிளிட் நகரிலிருந்து கொலோனுக்குச் சென்ற இனெக்ஸ் அட்ரியாவின் டிசி-9. இரண்டிலும் இருந்த 176 பேரும் இறந்தார்கள். அதுவரை உலகம் கண்ட வான்மோதல்களில் அதுதான் மிகப்பெரியது.

டிரைடன்ட் 33,000 அடியில் நேராகப் பறந்துகொண்டிருந்தது. டிசி-9 கீழிருந்து 35,000 அடியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. மேல்வானத்தைக் கவனிக்க வேண்டிய மேசையில் அந்த நேரத்தில் ஒரே ஒரு கட்டுப்பாட்டாளர். பணி மாற்ற வரவேண்டியவர் வரவில்லை. அவரைத் தேடி உதவியாளரும் எழுந்து போயிருந்தார். கீழ்ப்பகுதியிலிருந்து மேல்பகுதிக்கு டிசி-9 கைமாறிய விவரமும் முறையாக வந்து சேரவில்லை. ஆபத்தை உணர்ந்த கடைசி நொடிகளில் அந்தக் கட்டுப்பாட்டாளர் டிசி-9 விமானியிடம் ஏறுவதை நிறுத்தச் சொன்னார். பதற்றத்தில் ஆங்கிலத்தை விட்டுத் தன் தாய்மொழியில் சொன்னார். டிசி-9 நின்ற உயரம் 33,000 அடி.

அதே அலைவரிசையில் இருந்த பிரிட்டிஷ் விமானிகளுக்கு அந்தச் சொற்கள் புரியவில்லை. கனடாவின் ஆங்கிலத் தரப்புக்கு இதைவிட வலுவான சான்று வேறென்ன வேண்டும்?

ஆனால் விபத்தை உற்றுப் பார்த்தால் மொழி அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி என்பது தெரியும். இருவர் பார்க்க வேண்டிய வேலையை ஒருவர் பார்த்தார். ஒரு விமானம் தகவலின்றி அவர் பொறுப்புக்குள் வந்தது. மோதல் கிட்டத்தட்ட நிச்சயமான பிறகே மொழி மாறியது. இருமொழி முறை வகுத்து, பயிற்சி கொடுத்து, எந்த மொழியில் எப்போது பேசுவது என்று விதித்திருந்த வானம் அல்ல அது. நெருக்கடியில் மனித நாக்கு தாய்மொழிக்குத் திரும்பும் என்பதை ஸாக்ரெப் காட்டியது. ஆங்கிலம் மட்டும் என்று எழுதிவைப்பதால் அந்த இயல்பு மாறிவிடாது.

ஆறு மாதம் கழித்து, 1977 மார்ச் 27 அன்று, கேனரி தீவுகளின் டெனெரிஃபேயில் ஓடுதளத்தின் மேலேயே இரண்டு ஜம்போ ஜெட்டுகள் மோதி 583 பேர் இறந்தார்கள். அங்கே டச்சு விமானி, அமெரிக்க விமானி, ஸ்பானியக் கட்டுப்பாட்டாளர் எல்லோரும் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். புறப்படத் தயாராக இருக்கிறேன் என்பதா, புறப்பட்டுவிட்டேன் என்பதா என்று தெளிவாகாத ஒரு வாக்கியமும், ‘ஓகே’ என்ற பதிலும், ஒரே நேரத்தில் இருவர் பேசியதால் கிளம்பிய கீச்சொலியும் அந்த மூடுபனியில் சேர்ந்துகொண்டன. ஒரே மொழி என்பது தன்னளவில் கவசம் ஆகாது என்பதை உலகம் மிகக் கொடிய விலை கொடுத்துப் படித்தது.

நம்பிக்கைக்குப் பதில் சோதனை

மூன்று நீதிபதிகளில் வில்லியம் சின்க்ளேரும் டேரல் ஹீல்டும் ஆங்கிலம் பேசும் மேற்கு மாகாணங்களிலிருந்து வந்தவர்கள். ஜூலியன் ஷூய்னார் கியூபெக்காரர். மொழியரசியலைக் கேட்டு முடிவு செய்யச் சொல்லியிருந்தால் இவர்கள் மூவரும் ஒன்றுபட்டிருப்பது கடினம். இவர்களிடம் கேட்கப்பட்டது வேறு கேள்வி. இரு மொழிகள் ஒலித்தால் விமானங்கள் ஆபத்தாக நெருங்குமா, நெருங்காதா?

அதற்கு விடை தேட போக்குவரத்து அமைச்சகம் ஒட்டாவாவுக்கு எதிர்க்கரையிலுள்ள ஹல் நகரில் பாவனை அறைகளை அமைத்திருந்தது. அங்கே மொன்றியாலின் வானம் திரையில் உருவாக்கப்பட்டது. உண்மையான கட்டுப்பாட்டாளர்கள் உட்கார்ந்து, இல்லாத விமானங்களை நெருக்கடியான நேரத்துப் போக்குவரத்துபோலவே நகர்த்தினார்கள். ஆங்கிலம் மட்டும் பேசி ஒருமுறை, இரு மொழிகளும் பேசி மறுமுறை. விமானங்களுக்கு இடையிலான இடைவெளி காக்கப்பட்டதா, ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கட்டளை குழம்பியதா என்று பார்த்தார்கள். ஆத்திரமாகப் பேசப்பட்ட ஒவ்வொரு அச்சமும் அந்த அறையில் சோதித்துப் பார்க்கக்கூடிய கேள்வியாக மாறியது.

கட்டுப்பாட்டாளர்கள் இரு மொழிகளுக்கும் இடையே தடுமாற்றமின்றிப் போய்வந்தார்கள். பாதுகாப்பு குறைந்ததற்கான சான்று கிடைக்கவில்லை. இரு மொழிகளோடு பல ஆண்டுகளாக இயங்கிவந்த மற்ற நாடுகளின் அனுபவமும் ஆணையத்தின் முன் வந்தது. 1977-ல் இடைக்கால அறிக்கை. 1979 ஆகஸ்டில் இறுதி அறிக்கை. கியூபெக்கில் கருவிகளை நம்பிப் பறக்கும் விமானங்களுக்கும் இருமொழி முறையைக் கொண்டுவரலாம், அதனால் பாதுகாப்பு குறையாது என்று மூவரும் ஒருமனதாக எழுதினார்கள். தடையாக வைக்கப்பட்ட அந்த ஒருமனதே இப்போது தீர்ப்பின் பலமாக மாறியது.

அறிக்கை வந்தபோது ட்ரூடோ ஆட்சியில் இல்லை. ஜோ கிளார்க்கின் கன்சர்வேடிவ் அரசு பதவியில் இருந்தது. போக்குவரத்து அமைச்சர் டான் மாசன்கௌஸ்கி, ஆங்கிலமே கோலோச்சும் அல்பெர்ட்டாவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவர் அறிக்கையை ஏற்றுக்கொண்டார். மூன்றாண்டுகளுக்கு முன் நாட்டையே நிறுத்திய விவகாரம் இம்முறை ஒரு விமானத்தையும் நிறுத்தவில்லை. மொன்றியாலின் வானத்தில் பிரெஞ்சு முறைப்படி இடம்பெற்றது. கனடாவின் விமான விதிகளில் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டுமே இன்று ரேடியோ மொழிகள்.

தீர்ப்பின் எல்லை

கியூபெக்கின் விடையை எல்லா வானத்துக்கும் அப்படியே பொருத்த முடியாது. 2000 மே 25 அதிகாலை, பாரிஸின் சார்ல்ஸ் தெகோல் நிலையத்தில் ஏர் லிபர்ட்டேயின் எம்டி-83 விமானத்துக்குப் புறப்பட அனுமதி பிரெஞ்சில் தரப்பட்டது. அதே ஓடுதளத்துக்குள் நுழைய பிரிட்டிஷ் சரக்கு விமானம் ஒன்றுக்கு ஆங்கிலத்தில் அனுமதி கிடைத்தது. சரக்கு விமானம் ஓடுதளத்தின் தொடக்கத்தில் இருப்பதாகக் கட்டுப்பாட்டாளர் எண்ணியிருந்தார். அது நடுவழியில் நுழைந்தது. வேகமெடுத்து வந்த எம்டி-83-ன் இறக்கை அதன் காக்பிட்டைக் கிழித்தது. துணை விமானி உயிரிழந்தார். முதல் அனுமதி அவருக்குப் புரிந்த மொழியில் ஒலித்திருந்தால் அந்தச் சரக்கு விமானம் நின்றிருக்கலாம். 1976-ல் கனடாவின் ஆங்கில விமானிகள் சொன்ன ‘கேட்டுக்கொண்டே பறப்பது’ வெறும் சாக்கு அல்ல என்பதற்கு இது சான்று.

அந்த விமானிகளின் அச்சமும் உண்மை. கியூபெக் விமானிகளின் தேவையும் உண்மை. இரண்டில் ஒன்றைப் பொய் என்று காட்டினால்தான் முடிவெடுக்க முடியும் என்று 1976-ல் எல்லோரும் நம்பினார்கள். ஹல் நகரப் பாவனை அறைகள் அந்த நம்பிக்கையை உடைத்தன. இந்த வானத்தில், இவ்வளவு நெரிசலில், யாருடைய பேச்சு யாருக்குப் புரியாமல் போகிறது, அந்த இடைவெளியை எந்த விதியும் எந்தப் பயிற்சியும் அடைக்கும் என்று ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனியே கேட்க வேண்டும் என்பதுதான் ஆணையத்தின் மூன்றாண்டு உழைப்பு விட்டுச்சென்ற பாடம். ஒரு மொழியைத் தகுதியற்றது என்று ஒதுக்குமுன் அளந்து பார்க்கும் கடமை ஒதுக்குகிறவருக்கு உண்டு. ஒரு மொழிக்கு இடம் கேட்பவருக்கும், அந்த மொழி தெரியாத பக்கத்து விமானத்தின் உயிருக்குப் பதில் சொல்லும் கடமை உண்டு.

கியூபெக்கில் தீர்க்காமல் விட்ட கேள்வி ஒன்று மிச்சம் இருந்தது. ஆங்கிலம்தான் பொதுமொழி என்றால், எவ்வளவு ஆங்கிலம் தெரிந்தால் போதும்? மனப்பாடம் செய்த நூறு வாக்கியங்களோடு ஒருவர் உலகின் எந்த வானத்துக்குள்ளும் நுழையலாமா? இதை அளக்க உலகத்துக்கு நெடுங்காலம் எந்த அளவுகோலும் இல்லை. 1996 நவம்பர் 12 அன்று மாலை, டெல்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரி நகரத்தின் அருகே வானத்தில் ஒரு சவூதி விமானமும் ஒரு கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்த பிறகுதான் அந்த அளவுகோலை உருவாக்கும் வேலை வேகம் பிடித்தது. அந்த மாலையையும் அதன்பின் வந்த மொழித் தேர்வுகளையும் அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)